டிரெட்நாட்டும் அட்லாண்டிக் பாய்க்கப்பல் ஓவியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாய்க்கப்பல் படம் ஒன்றை எல்லோரும் எங்கேயாவது பார்த்திருப்போம். ஓட்டல் வரவேற்பறையில், மருத்துவரின் காத்திருப்பு அறையில், பழைய காலண்டரில். மூன்று பாய்மரங்கள், விரிந்த பாய்கள், கொந்தளிக்கும் கடல். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்தால் கப்பலின் முதலாளி யார், அது எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, ஏறக்குறைய எந்த ஆண்டில் வரையப்பட்டது என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். இந்த ஓவியங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு படத்தைச் சொல்லுங்களேன். எதிலிருந்து தொடங்கலாம்?

டிரெட்நாட்டிலிருந்து. 1853இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூபரிபோர்ட் என்ற ஊரில் கட்டப்பட்ட கப்பல் அது. 1,400 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல். நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் இடையே ஓடியது. டங்கன் மெக்ஃபார்லேன் என்பவர் வரைந்த ஓவியத்தை வைத்து, நியூயார்க்கில் நதானியேல் கரியரின் அச்சகம் 1856இல் பெரிய அளவில் ஒரு கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுவது) வெளியிட்டது. அயர்லாந்தின் தென்கிழக்கு முனையில் இருக்கும் டஸ்கர் பாறையின் கலங்கரை விளக்கத்தைக் கப்பல் கடந்து போகிறது. நியூயார்க்கிலிருந்து கிளம்பிப் பன்னிரண்டரை நாள் ஆகிறது என்று படத்தின் கீழேயே எழுதியிருக்கிறது. முன்மரத்துப் பாயில் பெரிய சிவப்புச் சிலுவை. உலகெங்கும் சுவர்களில் தொங்கும் பாய்க்கப்பல் படங்களில் இதன் மறுபதிப்புகள் நிறைய.

பெயரைக் கேட்டதும் 1906இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு. எதற்கும் அஞ்சாதவள் என்று பொருள். அந்தப் பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கின்றன.

அந்தச் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னமா?

இல்லை. செஞ்சிலுவை இயக்கம் 1863இல்தான் தொடங்கியது. இது ரெட் கிராஸ் லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் அடையாளம். பேருந்தின் நெற்றியில் முதலாளி பெயரை எழுதுவதைப் போல, அன்றைய நிறுவனங்கள் முன்மரத்து மேற்பாயில் தங்கள் சின்னத்தைத் தீட்டினார்கள். பிளாக் பால் லைன் என்ற நிறுவனத்தின் பாயில் பெரிய கறுப்பு வட்டம் இருக்கும். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறவர்களுக்கு, கப்பலின் உடல் தெரிவதற்கு முன்பே யாருடைய கப்பல் என்று தெரிந்துவிடும்.

பாக்கெட் கப்பல் என்கிறார்களே, அது என்ன?

முதலில் தபால் கட்டுகளைச் சுமந்துபோன கப்பலைத்தான் அப்படி அழைத்தார்கள். பிறகு, குறித்த நாளில் கிளம்பும் கப்பல் என்ற பொருள் வந்தது. இன்று நமக்கு இது சாதாரண விஷயம். அன்று அப்படி இல்லை. சரக்கு நிரம்ப வேண்டும், காற்று சாதகமாக இருக்க வேண்டும், அப்புறம்தான் கப்பல் கிளம்பும். பயணி துறைமுகத்தில் வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்.

இதை மாற்றியது நியூயார்க் வணிகர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய பிளாக் பால் லைன். சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், சொன்ன தேதியில் கப்பல் கிளம்பும் என்று அறிவித்தார்கள். 1818 ஜனவரி 5 அன்று நியூயார்க்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் மன்ரோ என்ற கப்பலில் பயணிகள் எட்டே பேர். இருந்தும் சொன்னபடி கிளம்பியது, நான்கு வாரத்தில் லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக் வணிகத்தையே மாற்றிய நாள் என்று அதைத் தயங்காமல் சொல்வேன். தேதி உறுதியானதும் கடிதம், பணம், பஞ்சு விலை, செய்தித்தாள் எல்லாமே ஒரு கால ஒழுங்குக்குள் வந்தன.

வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். அதனால் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போக ஏறக்குறைய 24 நாள், திரும்பி வர 35 முதல் 40 நாள் ஆகும். குளிர்காலத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டியபடி வரவேண்டும். இதற்காகவே இவை கனத்த மரத்தில் உறுதியாகக் கட்டப்பட்டன. தேயிலை ஏற்றிவந்த, கிளிப்பர் எனப்படும் மெல்லிய வேகப் பாய்க்கப்பல்களைப் போல ஒயிலாக இருக்காது. டிரெட்நாட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கப்பல்.

இந்தப் படங்களை யார் வரையச் சொன்னார்கள்?

பெரும்பாலும் மாலுமித் தலைவர்கள், அதாவது கேப்டன்கள். அப்புறம் கப்பலின் உரிமையாளர்கள். நல்ல பாக்கெட் கேப்டனுக்குச் சமூகத்தில் பெரிய மதிப்பு. வருமானத்திலும் பங்கு கிடைக்கும். துறைமுகத்தில் சரக்கு இறங்கும் சில வாரங்களில் ஓவியரிடம் சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொண்டு போவார். வீட்டுக் கூடத்தில் மாட்டிவைப்பார். ஆண்டில் பெரும்பகுதி கணவன் கடலில் இருக்கும் வீட்டில் அந்தப் படத்துக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்குகிறவர் அந்தக் கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் அறிந்தவர். அதனால் மேகம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, கயிறு தப்பக் கூடாது. மரங்களைப் பின்னோக்கி இழுத்துக் கட்டும் கயிறு, பருமலைத் திருப்பும் கயிறு எல்லாம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். (பருமல் என்பது பாயைத் தாங்கும் குறுக்குமரம். நம் கடற்கரைச் சொல்தான்.) கலை விமர்சகர்கள் பலகாலம் இந்தப் படங்களைத் தாழ்வாகவே பார்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனித முகத்தை உள்ளபடி வரைவதைக் கலை என்று ஏற்றுக்கொண்டால், கப்பலை உள்ளபடி வரைவதையும் ஏற்கத்தான் வேண்டும்.

வரைந்தவர்கள் யார்?

கடலோடும் துறைமுகத்தோடும் வாழ்ந்தவர்கள். லிவர்பூலின் சாமுவேல் வால்டர்ஸ் 1811இல் கடலிலேயே பிறந்தவர், பெற்றோர் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது. அவருடைய அப்பா மைல்ஸ் வால்டர்ஸ் கப்பல் தச்சராகவும் மாலுமியாகவும் இருந்து ஓவியரானவர். ஆரம்பத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்தே படங்களில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க பாக்கெட்டுகளை சாமுவேல் அளவுக்கு வரைந்தவர்கள் குறைவு. அவருடைய கடலில் அலையின் முகட்டுக்குள் வெளிச்சம் ஊடுருவுவது தெரியும். அதை மறுபதிப்பில் பார்க்க முடியாது.

ராபர்ட் சால்மன் என்பவர் வட இங்கிலாந்தின் வைட்ஹேவனில் பிறந்து, லிவர்பூலிலும் ஸ்காட்லாந்தின் கிரீனக்கிலும் வரைந்துவிட்டு, 1828இல் பாக்கெட் கப்பலேறி பாஸ்டன் போனார். தான் வரைந்த படங்களுக்கு வரிசை எண் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பாஸ்டனில் அவருடைய பாணியைப் பார்த்துக் கற்றவர்களில் ஒருவர் ஃபிட்ஸ் ஹென்றி லேன். நூற்றாண்டின் கடைசியில் வந்த அன்டோனியோ ஜேக்கப்சன், இரும்புப் பெட்டகங்களின் கதவில் பூவேலை தீட்டிக்கொண்டிருந்தவர். கப்பல் படங்களுக்கு மாறி ஆயிரக்கணக்கில் வரைந்தார். அதற்குள் பாய்க்கப்பல் காலம் முடிந்துகொண்டிருந்ததால் அவருடையவை பெரும்பாலும் நீராவிக் கப்பல்கள்.

எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

ஆமாம், ஓர் அமைப்பு உண்டு. கப்பல் பக்கவாட்டில் முழுசாகத் தெரியும். காற்று பலமாக இருக்கும், ஆனால் ஆபத்தாக இருக்காது. முன்னால் கருநிழல் விழுந்த அலை, அதற்கப்பால் வெயில் படும் நீர், தூரத்தில் ஒரு முனை அல்லது கலங்கரை விளக்கம், சின்னதாக ஒரு பைலட் படகு (துறைமுகத்துக்கு வழிகாட்டுபவரின் படகு). சிலர் ஒரே கப்பலை ஒரே படத்தில் இரண்டு மூன்று முறை வரைவார்கள்: நடுவில் பக்கவாட்டில், ஓரத்தில் பின்புறத்திலிருந்து. கடலில் இரண்டு கப்பல் என்று நினைத்துவிடக் கூடாது, கப்பல் ஒன்றுதான்.

கொடிகளை எப்படிப் படிப்பது?

பின்புறத்தில் பறப்பது நாட்டுக் கொடி. நடுமரத்தின் உச்சியில் பெரும்பாலும் நிறுவனத்தின் கொடி. பிளாக் பால் என்றால் சிவப்புத் துணியில் கறுப்பு வட்டம். வரிசையாகக் கட்டிய வண்ணக் கொடிகள் இருந்தால் அது கப்பலின் அடையாள எண். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த மாரியட் 1817இல் வணிகக் கப்பல்களுக்காக ஒரு கொடிக்குறி முறையை வெளியிட்டார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண். அந்தக் கொடிகளை வாசித்து, பெயரே எழுதாத ஓவியத்தில் இருப்பது எந்தக் கப்பல் என்று அருங்காட்சியகங்கள் கண்டுபிடிக்கின்றன.

அந்தக் கொடிகளைப் படிக்கக் கரையில் ஆள் இருந்தார்கள் என்பதுதான் சுவையான விஷயம். வேல்ஸின் ஹோலிஹெட்டிலிருந்து லிவர்பூல் வரைக்கும் மலைமுனைகளில், கம்பத்துக் கைகளை அசைத்துச் செய்தி அனுப்பும் கைகாட்டி நிலையங்கள் 1827 முதல் இயங்கின. மின்தந்தி வருவதற்கு முன்பே, ஹோலிஹெட்டைக் கடக்கும் கப்பலின் செய்தி சில நிமிடங்களில் லிவர்பூல் வணிகரை எட்டிவிடும். கப்பல் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும்.

தூரத்தில் தெரியும் கலங்கரை விளக்கங்கள் கற்பனையா?

பெரும்பாலும் உண்மையானவை. டஸ்கர், ஆங்கில்சி தீவின் சவுத் ஸ்டாக், மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் பெர்ச் ராக் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். அட்லாண்டிக்கை நல்லபடியாகக் கடந்தாயிற்று, வீடு நெருங்கிவிட்டது என்பதற்கான சாட்சிகள் அவை. கேப்டன்கள் நடுக்கடலை விட்டுவிட்டு இந்த இடங்களையே பின்னணியாகக் கேட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாய்களைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 1850களின் நடுவரை, ஒவ்வொரு மரத்திலும் கீழிருந்து இரண்டாவதாக வரும் மேற்பாய் மிகப் பெரிய ஒரே பாயாக இருக்கும். புயலில் அதைச் சுருட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1854இல் ஹோவ்ஸ் என்ற அமெரிக்கக் கேப்டன் அதை இரண்டாகப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு மெதுவாக இரட்டை மேற்பாய் பரவியது. படத்தில் அந்த இடத்தில் ஒல்லியான இரண்டு பாய்கள் இருந்தால் 1850களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

கப்பலின் பக்கத்தில் வெள்ளைப் பட்டையும் அதில் கறுப்புச் சதுரங்களும் இருந்தால் அவற்றைப் பீரங்கிகள் என்று எண்ண வேண்டாம். போர்க்கப்பல் போலத் தோன்றுவதற்காகத் தீட்டிய வெறும் வண்ணம் அது. பிற்காலத்தில் வெறும் வழக்கமாகவே நின்றுவிட்டது.

பன்னிரண்டரை நாள் என்பது நம்பக்கூடியதா? ஒன்பது நாள் என்றுகூட எங்கோ படித்தேன்.

டிரெட்நாட் வேகமான கப்பல், அதில் சந்தேகம் வேண்டாம். சாமுவேல் சாமுவேல்ஸ் அதன் கேப்டன். பதினொரு வயதில் வீட்டை விட்டு ஓடிக் கடலுக்கு வந்தவர். இரவிலும் புயலிலும் பாயைக் குறைக்க மறுத்தவர். 1859இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் குயின்ஸ்டவுனை 9 நாள் 17 மணி நேரத்தில் எட்டியதாக ஒரு பெருமைப் பேச்சு உண்டு. பழைய செய்தித்தாள்களின் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். என் கருத்தும் அதுதான்: அந்தக் கணக்கை விட்டுவிடலாம். அது இல்லாமலேயே சாமுவேல்ஸின் பெயர் நிற்கும்.

1860களின் தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். நடு அட்லாண்டிக்கில் ஒரு பேரலை கப்பலின் சுக்கானைப் பிடுங்கிப் போட்டது, சாமுவேல்ஸின் கால் எலும்பும் முறிந்தது. சுக்கான் இல்லாத கப்பலின் முகத்தைத் திருப்ப முடியவில்லை. படுத்த படுக்கையாக இருந்தபடியே, பாய்களை எதிர்ப்பக்கமாக வைத்துக் கப்பலைப் பின்னோக்கியே ஓட்டச் சொல்லி அசோர்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாக்கெட் கப்பல்களில் மாலுமிகளை நடத்திய விதம் கொடூரமானது. 1859இல் டிரெட்நாட்டிலேயே மாலுமிகள் கிளர்ச்சி செய்தார்கள். வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைக் கல்லச்சுப் படத்தின் கீழே எழுதவில்லை.

படத்தில் பயணிகளே இல்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். தளத்தில் புள்ளி புள்ளியாகச் சில மாலுமிகள் தெரிவார்கள், அவ்வளவுதான். ஆனால் 1840களிலும் 50களிலும் லிவர்பூலிலிருந்து மேற்கே போன பாக்கெட்டின் கீழ்த்தளத்தில் சில நூறு பேர் இருப்பார்கள்.

கிழக்கே வரும்போது பஞ்சு மூட்டைகள் ஏறின. அந்தப் பஞ்சை அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைகள் விளைவித்தார்கள். மேற்கே போகும்போது அதே இடத்தில் பலகையால் அடுக்குக் கட்டில் அடித்து மனிதர்களை ஏற்றினார்கள். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் லிவர்பூல் வழியாகத்தான் போனார்கள். நிமிர்ந்து நடக்கச் சிரமமான உயரம். ஒரே பலகையில் பலர். சட்டப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று குவார்ட் தண்ணீர், அதாவது மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். அரிசி, மாவு, ஓட்ஸ் போன்றவற்றைப் பச்சையாகக் கொடுப்பார்கள்; மேல்தளத்து அடுப்பில் வரிசையில் நின்று தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். அலை உயர்ந்தால் மேலே வரும் வழியை மூடிவிடுவார்கள். இருட்டில் கிடக்க வேண்டியதுதான்.

ஓவியம் பொய் சொல்லவில்லை. கேப்டன் கேட்டது கப்பலை, ஓவியர் வரைந்தது கப்பலை. ஆனால் அந்தக் கறுத்த பக்கப்பலகையின் பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. டஸ்கர் விளக்கத்தைக் கடக்கும் டிரெட்நாட்டில் பஞ்சும் தானியமும் இருந்திருக்கலாம். திரும்பிப் போகும் டிரெட்நாட்டை நினைக்காமல் இன்று அந்தப் படத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

மக்கள் தெரியும்படி வரைந்த படம் ஒன்றுகூட இல்லையா?

உண்டு, ஆனால் அதற்கு ஒரு கப்பல் எரிய வேண்டியிருந்தது. ஓஷன் மொனார்க், புகழ்பெற்ற கப்பல் கட்டுநர் டொனால்ட் மெக்கே 1847இல் பாஸ்டனில் கட்டியது. 1848 ஆகஸ்ட் 24 காலை லிவர்பூலிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. ஏறக்குறைய 400 பேர், பெரும்பாலும் குடிபெயர்ந்து போகிறவர்கள். வேல்ஸ் கரையில் கிரேட் ஓர்ம் முனை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நண்பகல் வாக்கில் தீப்பிடித்தது. பின்பக்கம் முழுக்க நெருப்பு பரவ, ஜனங்கள் முன்பக்கம் ஓடி, கப்பலின் மூக்கில் நீண்டிருக்கும் கட்டையைத் தொற்றிக்கொண்டார்கள். அதுவும் முறிந்து விழுந்தது.

அந்தப் பக்கமாகச் சோதனை ஓட்டத்தில் வந்துகொண்டிருந்தது அஃபோன்சோ என்ற புத்தம் புதிய பிரேசில் நீராவிப் போர்க்கப்பல். அதில் விருந்தினராக இருந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு இளவரசர் ஷுவான்வில். அதே ஆண்டு பிப்ரவரியில் அவருடைய தந்தை லூயி பிலிப் அரியணையை இழந்திருந்தார். அஃபோன்சோ படகுகளை இறக்கி 150க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. நியூ வேர்ல்ட் என்ற இன்னொரு பாக்கெட் கப்பலின் மாலுமி ஃபிரெடெரிக் ஜெரோம், எரியும் கப்பலுக்கு நீந்திப் போய், கடைசியாக மாட்டிக்கொண்டிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கயிற்றில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். இருந்தும் 178 பேர் இறந்தார்கள்.

சாமுவேல் வால்டர்ஸ் அதை வரைந்தார். கயிறு கயிறாகக் கப்பலை வரைந்து பழகிய அதே கை. கப்பல் அதில் அடையாளமே தெரியாமல் புகையாகிறது. அதுவரை கீழ்த்தளத்தில் மறைந்திருந்தவர்கள் இப்போது கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

நீராவி வந்ததும் பாய்க்கப்பல்கள் உடனே நின்றுவிட்டனவா?

இல்லை. 1838 ஏப்ரலில் சிரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் ஒரு நாள் இடைவெளிக்குள் நியூயார்க் வந்து சேர்ந்தன. 1840இல் கியூனார்ட் நிறுவனம் தபால் சேவையைத் தொடங்கியது. தபாலும் வசதியான பயணிகளும் மெதுவாக அந்தப் பக்கம் போனார்கள். பாய்க்கப்பல்களுக்கு மிஞ்சியவர்கள் ஏழைப் பயணிகள். பிளாக் பால் லைன் 1878 வரை தாக்குப்பிடித்தது.

டிரெட்நாட் கடைசியில் என்ன ஆனது?

1869இல் லிவர்பூலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் வழியில், தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியேரா டெல் ஃபுவேகோ கரைப் பாறையில் மோதி உடைந்தது. காற்றே இல்லாமல் நீரோட்டத்தில் இழுபட்டுப் போய் மோதியதாகச் சொல்வார்கள். அப்போது கேப்டன் சாமுவேல்ஸ் அதில் இல்லை. மாலுமிகள் படகுகளில் பல நாள் அலைந்து உயிர் பிழைத்தார்கள்.

என் வீட்டில் இருக்கும் படம் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பூதக்கண்ணாடி போதும். வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது 20ஆம் நூற்றாண்டு அச்சு. கல்லச்சில் ஒழுங்கில்லாத பொடிமணல் போன்ற தடம் இருக்கும். வண்ணம் அதன் மேல் கையால் பூசப்பட்டிருக்கும். கரியரின் அச்சகத்தில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வண்ணமாகப் பூசி அடுத்தவரிடம் நகர்த்துவார்கள். அதனால் அசலில் வண்ணம் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருக்கும். பழைய காகிதம் என்றால் சட்டத்திலிருந்து நீங்களே உருவ வேண்டாம். காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

இங்கிலாந்தில் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம், லிவர்பூலின் அருங்காட்சியகங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரின் பீபடி எஸ்ஸெக்ஸ், கனெக்டிகட்டின் மிஸ்டிக் சீபோர்ட், வர்ஜீனியாவின் மரைனர்ஸ் மியூசியம். இவற்றில் பல தங்கள் தொகுப்பை இணையத்திலும் வைத்திருக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் முன்மரத்துப் பாய், பிறகு கொடி, பிறகு தூரத்து விளக்கம். அப்புறம் கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் அந்தக் கறுத்த பலகைகளில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.